முகவரி ஒன்று, வழி இரண்டு

2024 டிசம்பர் 2-ஆம் நாள். ஃபெஞ்சல் புயல் மழையால், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டிற்று. திண்டிவனம்–விழுப்புரம் பாதையில் போக்குவரத்து நின்றது. சில ரயில்கள் காட்பாடி, திருவண்ணாமலை வழியாகத் திருப்பி விடப்பட்டன. வழி மாறியதே தவிர, சேரவேண்டிய ஊர் மாறவில்லை.

இணையத்திலும் இவ்வாறு வழியை மாற்ற இயலுமா? இயலும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி. ‘அ’ என்னும் இணைய நிறுவனம் தன்னுடைய 65,536 ஐ.பி. முகவரிகளிலிருந்து 256 முகவரிகளை அதற்கு அளித்துள்ளது எனக் கொள்வோம். கேபிள் அறுந்தால் தேர்வு முடிவுகளை மாணவர் காண இயலாது. ஆகவே கல்லூரி ‘ஆ’ என்னும் நிறுவனத்திடமும் இணைப்புப் பெறுகிறது. முகவரிகளோ ‘அ’வுக்கு உரியவை; உலகிலுள்ள ரூட்டர்கள் அவற்றுக்குரிய செய்திகளை ‘அ’விடமே அனுப்பும். “இந்த 256 முகவரிகளை என் வழியாகவும் அடையலாம்” என்று ‘ஆ’ அறிவிக்க வேண்டும். இவ்வறிவிப்பு ‘பி.ஜி.பி.’ என்னும் விதிமுறைப்படி நடைபெறுகிறது.

இதன் விளைவு என்ன? சென்னையிலிருந்து வருபவர் திண்டிவனத்தில் இரு பலகைகளைக் காண்பதாகக் கொள்வோம். ஒன்று, ‘விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள்: நேரே’, மற்றொன்று, ‘செஞ்சி: வலப்புறம்’. செஞ்சியும் அம்மாவட்டத்து ஊரே. எனினும் செஞ்சிக்குச் செல்பவர் இரண்டாவது பலகையையே பின்பற்றுவார். ரூட்டரும் அவ்வாறே, சிறிய தொகுதியைக் குறிக்கும் அறிவிப்பையே தேர்ந்தெடுக்கிறது. ‘அ’ 65,536 முகவரிகளை மொத்தமாகவும், ‘ஆ’ 256-ஐ மட்டும் தனியாகவும் அறிவித்தால், வெளியிலிருந்து வரும் செய்திகள் ‘ஆ’ வழியே குவியும். இரு வழிகளும் பயன்பட வேண்டுமானால், ‘அ’வும் அந்த 256-ஐத் தனியே அறிவித்தாக வேண்டும்.

பலகையை யாரும் நடலாம் என்றால் என்னவாகும்? 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டில் யூடியூபைத் தடுக்க எண்ணி, அதன் 1,024 முகவரிகளில் 256-ஐத் தனதாக அறிவித்தது. அறிவிப்பு வெளியே பரவியதால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் கிடைக்கவில்லை! இதனால்தான் ‘அ’வின் எழுத்து மூலமான ஒப்புதலை ‘ஆ’ கேட்கிறது. அறிவிக்கும் உரிமையை மின்னணுக் கையொப்பத்துடன் பதிவு செய்யும் ‘ஆர்.பி.கே.ஐ.’ முறையும் இன்று உள்ளது.

‘அ’வுடன் ஒப்பந்தம் முடிந்தால் முகவரிகளைத் திருப்பித் தரவேண்டும்; கணினிகளுக்கெல்லாம் புதிய எண்கள் இடவேண்டும். இதனை விரும்பாத நிறுவனங்கள், 2012-இல் தொடங்கப்பட்ட ‘ஐரின்’ என்னும் இந்தியப் பதிவகத்திடம் நேரடியாக முகவரிகளைப் பெறலாம். அவற்றை எந்த நிறுவனத்தின் வழியாகவும் அறிவிக்கலாம்.