இடமிருந்தும் இடமில்லை

பௌதிகவியல் இணையவழி வகுப்புக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நானாவின் பழைய மடிக்கணினியைத் திறந்தேன். வைஃபை வேலை செய்யவில்லை. அதில் லினக்ஸ் போட்டுத் தந்த நானாவோ கொழும்பில். அவர் தொலைபேசியில் சொன்ன கட்டளையைத் தட்டினேன். வைஃபை கருவி கேட்ட நினைவகத்தைக் கொடுக்க முடியவில்லை என்று ஒரு நீண்ட செய்தி வந்தது. கேட்டது வெறும் 128 கிலோபைற்று. அதே செய்தியின் கீழே, வெறுமையாக இருக்கும் நினைவகம் 300 மெகாபைற்றுக்கும் அதிகம் என்று எழுதியிருந்தது!

"பொய் சொல்லுதா நானா?"

"பொய்யில்ல. இடமிருக்கு. சேர்ந்தாப்போல இல்ல."

எங்கள் கலியாண வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு சஹனுக்கு ஆறு பேர். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து உட்காரப் போனால் அங்கே ஒரு இடம், இங்கே இரண்டு இடம் என்று மண்டபம் முழுக்க இருபது இடங்கள் வெறுமையாக இருக்கும். ஆனால் ஒரு முழுச் சஹன் இராது. இதுதான் வெளித் துண்டாதல். இரண்டு பேருக்கு ஒரு முழுச் சஹனைக் கொடுத்து மிச்சம் வீணானால் அது உள் துண்டாதல்.

உயர்தரத்தில் 'பக்கமிடல்' படித்த தோழிகள் இங்கே கையை உயர்த்துவார்கள். நினைவகத்தை 4 கிலோபைற்றுப் பக்கங்களாக்கி, சிதறிக் கிடப்பவற்றை அட்டவணை மூலம் தொடர்ச்சியாகக் காட்டினால் வெளித் துண்டாதல் தீர்ந்துவிடுமே? நாம் இயக்கும் செய்நிரல்களுக்கு அது சரி. ஆனால் பணிசெயல் முறைமையின் மையமான கேர்ணல், தன் நினைவகத்தின் பெரும்பகுதியை நேரடி முகவரியில் வைத்திருக்கிறது. அங்குள்ள பக்கத்தை வேறிடத்துக்கு நகர்த்தினால் அதைச் சுட்டும் முகவரிகள் எல்லாம் பிழைத்துவிடும். சில வன்பொருள்களுக்கும் உண்மையிலேயே அடுத்தடுத்த பக்கங்கள் வேண்டும்.

லினக்ஸ் பக்கங்களைப் பங்கிடுவது 'தோழர் முறை'யில். கென்னத் நோல்ற்றன் 1965 இல் வெளியிட்ட முறை அது. பக்கங்கள் 1, 2, 4, 8 என்ற தொகுதிகளாகவே கொடுக்கப்படும். சிறியது இல்லாவிட்டால் பெரியதை இரண்டாகப் பிளப்பார்கள். இரு பாதியும் தோழர்கள். இருவரும் வெறுமையானதும் மீண்டும் ஒன்றுசேர்வார்கள். தோழரின் இலக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரேயொரு பிற்றை மாற்றினால் போதும். நாம் தருக்கப் படலையில் படிக்கும் எக்ஸ்ஓஆர்தான்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆனால் 5 பக்கம் கேட்டால் 8 கொடுக்க வேண்டியிருக்கிறது. தோழர் ஒருவர் எழும்பாமல் இருந்தால் மற்றவர் எவ்வளவு காலமானாலும் தனியேதான்.

ஒரு பக்கத்தை விடச் சிறிய தேவைகளுக்கு வேறு வழி உண்டு. ஜெஃப் பொன்விக் 1994 இல் சோலாரிஸுக்காக விவரித்த 'ஸ்லாப்' முறை, ஒரே வகையான பொருள்களை ஒரே பக்கங்களில் அடுக்குகிறது.

பெரிய தொல்லை, அசையாத பக்கங்கள் எல்லா இடமும் சிதறுவது. கலியாண வீட்டில் முழங்கால் வலியுள்ள உம்மம்மாமார் சஹனுக்கு ஒருவராக உட்கார்ந்துவிட்டால் யார் எழுப்புவது? அவர்களை ஆரம்பத்திலேயே ஒரு பக்கமாக இருத்தியிருக்க வேண்டும். அயர்லாந்தின் மெல் கோர்மன் லினக்ஸில் செய்தது ஏறக்குறைய இதுதான். நகர்த்தக்கூடியவை, நகர்த்த முடியாதவை, கேட்டால் விட்டுக்கொடுப்பவை என்று பக்கங்களைப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கினார். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் இது இருந்தது. ஒரு வகைக்கு இடம் போதாவிட்டால் மற்றதன் பகுதியில் கைவைக்கத்தான் செய்யும். ஆகவே கலப்பு குறையுமே தவிர ஒழியாது.

2010 இல் வந்த 2.6.35 பதிப்பில் 'நெருக்குதல்' சேர்ந்தது. ஒரு தேடல் கீழ் முனையிலிருந்து நகர்த்தக்கூடிய பக்கங்களைத் தேடிவரும். இன்னொன்று மேல் முனையிலிருந்து வெற்றிடங்களைத் தேடிவரும். முதலாவது கண்டவற்றை இரண்டாவது கண்ட இடத்துக்கு மாற்றுவார்கள். இரண்டும் சந்திக்குமிடத்தில் வேலை நிற்கும்.

வெறுமையான தொகுதிகள் எத்தனை என்று காட்டும் ஒரு கோப்பு லினக்ஸில் உண்டு. அன்று அதைத் திறந்தேன். இடப்பக்கம் ஆயிரக்கணக்கில் ஒற்றைப் பக்கங்கள். 32 பக்கங்களுக்கான நிரலிலிருந்து வலப்பக்கம் முழுக்கப் பூச்சியம். நானா சொன்னபடி நெருக்குதலைக் கையால் தொடக்கி வைத்தேன். சில விநாடிகளில் பூச்சியங்கள் இருந்த இடத்தில் இலக்கங்கள் வந்தன, வைஃபையும் வந்தது. வகுப்பில் அதற்குள் இரண்டு கணக்குகள் முடிந்திருந்தன.