பிளாக்காடர் (தொலைக்காட்சித் தொடர்)

பிளாக்காடர் என்பது பிபிசி ஒன்று அலைவரிசையில் 1983 முதல் 1989 வரை ஒளிபரப்பான பிரித்தானிய வரலாற்று நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். நான்கு பருவங்களாக வெளிவந்த இத்தொடரில் பருவத்துக்கு ஆறு வீதம் மொத்தம் 24 அத்தியாயங்கள் உள்ளன. ஒவ்வொரு பருவமும் இங்கிலாந்து வரலாற்றின் வெவ்வேறு காலகட்டத்தில் நடைபெறுகிறது. 1485 ஆம் ஆண்டின் போர்க்களம் ஒன்றில் தொடங்கும் கதை, 1917 இல் முதலாம் உலகப் போரின் பதுங்குகுழியில் முடிகிறது. காலம் மாறினாலும் முதன்மைக் கதைமாந்தரின் பெயர்களும் முகங்களும் பெரும்பாலும் மாறுவதில்லை. எட்மண்ட் பிளாக்காடர் என்ற பெயரில் ஒரு பரம்பரையினர் தலைமுறை தலைமுறையாக வருகின்றனர். அவர்கள் அனைவராகவும் நடித்தவர் ரோவன் அட்கின்சன்.

அட்கின்சனைத் தமிழ்ப் பார்வையாளர் பலரும் 1990 இல் தொடங்கிய மிஸ்டர் பீன் வழியாகவே அறிவர். அதில் அவர் பெரும்பாலும் பேசாமல் உடலசைவாலேயே சிரிக்க வைத்தார். பிளாக்காடரில் அதற்கு நேர்மாறாக, கூர்மையான சொற்களே அவரது ஆயுதம்.

தோற்றம்

முதல் பருவத்தை ரிச்சர்ட் கர்ட்டிசும் ரோவன் அட்கின்சனும் இணைந்து எழுதினர். இரண்டாம் பருவம் முதல் கர்ட்டிசுடன் பென் எல்டன் எழுதினார். நான்கு பருவங்களையும் தயாரித்தவர் ஜான் லாயிட். இசையமைத்தவர் ஹோவர்ட் குடால்.

முதல் பருவம் நார்தம்பர்லாந்தில் உள்ள ஆனிக் கோட்டை போன்ற வெளிப்புற இடங்களில், குதிரைகளும் துணை நடிகர்களுமாக அதிகச் செலவில் எடுக்கப்பட்டது. அந்தச் செலவு காரணமாக இரண்டாம் பருவத்துக்கு பிபிசி எளிதில் ஒப்புதல் தரவில்லை. எனவே அடுத்த பருவங்கள் சில அறைகளை மட்டும் கொண்ட அரங்கில், பார்வையாளர் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டன. இந்தச் சிக்கனம் தொடருக்கு நன்மையாகவே முடிந்தது. காட்சிப் பகட்டு குறைந்த இடத்தை உரையாடல் நிரப்பியது. ஓர் அறைக்குள் அடைபட்ட சிலருக்கு இடையிலான உறவே கதையாயிற்று.

"ஆடர்" என்பது விரியன் இனப் பாம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஆகவே தலைப்பைக் "கருவிரியன்" எனப் பொருள் கொள்ளலாம். முதல் அத்தியாயத்தில் இளவரசன் எட்மண்ட் தனக்கு அச்சமூட்டும் பட்டப்பெயர் ஒன்றைத் தேடி, "கரும் காய்கறி" என்று வைத்துக்கொள்ள முனைகிறான். அதைவிடக் கருவிரியன் பொருத்தமாக இருக்குமே என்று எடுத்துக் கொடுப்பவன் அவனுடைய வேலைக்காரன் பால்ட்ரிக்.

நான்கு பருவங்கள்

முதல் பருவம் (1983): பாஸ்வொர்த் போரில் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் 1485 இல் தோற்று மாண்டார் என்பது வரலாறு. தொடரோ அவர் வென்றதாகவும், வெற்றிக்குப் பின் எட்மண்டின் கையால் தவறுதலாகக் கொல்லப்பட்டதாகவும் கூறுகிறது. அடுத்து நான்காம் ரிச்சர்டு என்ற மன்னர் ஆட்சிக்கு வருகிறார். இப்படி ஒரு மன்னர் இருந்ததே இல்லை. இவருடைய இளைய மகனாகிய எட்மண்ட் கோழை, அறிவிலும் குறைந்தவன். தந்தைக்கு அவனுடைய பெயர்கூட நினைவில் நிற்பதில்லை.

இரண்டாம் பருவம் (1986): முதலாம் எலிசபெத் அரசியின் காலம். பிளாக்காடர் பிரபு அரசவையில் செல்வாக்குள்ளவர், கூர்மதியாளர். ஆனால் குழந்தைபோல் அடம் பிடிக்கும் அரசி எந்த நொடியும் அவரது தலையைக் கொய்ய ஆணையிடலாம்.

மூன்றாம் பருவம் (1987): மன்னர் மூன்றாம் ஜார்ஜின் நோய் காரணமாக அவருடைய மகன் 1811 முதல் 1820 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். அந்த இளவரசரின் பட்லராக, அதாவது வீட்டுத் தலைமைப் பணியாளராக, பிளாக்காடர் வருகிறார்.

நான்காம் பருவம் (1989): 1917 ஆம் ஆண்டு, மேற்குப் போர்முனை. கேப்டன் பிளாக்காடர் பதுங்குகுழியில் இருந்தபடி, தாக்குதல் ஆணை வருவதற்குள் தப்பிச் செல்ல அத்தியாயத்துக்கு ஒரு வழி தேடுகிறார்.

இவை தவிர சிறப்பு நிகழ்ச்சிகளும் வந்தன. 1988 டிசம்பரில் ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, சார்லஸ் டிக்கன்சின் புகழ்பெற்ற கதையைத் தலைகீழாக்கியது. அதில் கருணையே உருவான எபனேசர் பிளாக்காடர், தம் முன்னோரின் வாழ்க்கையைப் பார்த்த பின் கெட்டவராக மாறுகிறார்.

இறங்கும் தகுதி, ஏறும் அறிவு

நான்கு பருவங்களையும் வரிசையாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். இளவரசன், பிரபு, பட்லர், படை அதிகாரி என்று பிளாக்காடர் வம்சத்தின் சமூகத் தகுதி படிப்படியாக இறங்குகிறது. அதே வேளையில் அவர்களின் அறிவுக்கூர்மை பருவத்துக்குப் பருவம் ஏறுகிறது. இளவரசனாக இருந்தவன் முட்டாள். சேறு நிறைந்த குழியில் நிற்பவரோ அங்குள்ள அனைவரிலும் அறிவாளி.

பிளாக்காடருக்கு மேல் எப்போதும் ஒருவர் இருக்கிறார். முதலில் முரட்டு மன்னர், பிறகு அடம் பிடிக்கும் அரசி, அடுத்து அசட்டு இளவரசர், இறுதியில் போர் என்றால் என்னவென்றே புரியாத படைத்தலைவர். பிறப்பாலும் பதவியாலும் கிடைத்த அதிகாரம் இவர்களிடம் இருக்கிறது. அறிவு பிளாக்காடரிடம் இருக்கிறது. மேலே இருப்பவரின் மடமையிலிருந்து கீழே இருப்பவரை அறிவு காப்பாற்றுமா என்பதே தொடர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி. நகைச்சுவை முழுவதும் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

பிளாக்காடர் நல்லவர் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். தமக்கு மேலிருப்போரிடம் பணிவு காட்டும் அவர், கீழிருக்கும் பால்ட்ரிக்கை ஓயாமல் இழிவுபடுத்துகிறார்.

தொடர்ந்து வரும் கதைமாந்தர்

பால்ட்ரிக்: நான்கு பருவங்களிலும் பிளாக்காடரின் ஏவலாளாக வருபவர். நடித்தவர் டோனி ராபின்சன். முதல் பருவத்தில் எசமானைவிடப் பால்ட்ரிக்கே அறிவாளி. பிளாக்காடரின் அறிவு ஏற ஏற இவருடைய அறிவு குறைகிறது. எந்தச் சிக்கலுக்கும் தம்மிடம் ஒரு தந்திரமான திட்டம் இருப்பதாக இவர் அறிவிப்பதும், அது பயனற்றதாக முடிவதும் தொடரின் அடையாளமாயின. டர்னிப் கிழங்கின்மேல் இவருக்குத் தீராத பற்று. எனினும் எளியவரான இவர் சில வேளைகளில் கேட்கும் கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடிவதில்லை. கடைசிப் பருவத்தில் இந்தப் போர் எப்படித் தொடங்கியது என்று கேட்பவரும் இவரே.

பெர்சியும் டார்லிங்கும்: முதல் இரு பருவங்களில் பிளாக்காடரை ஒட்டிக்கொண்டே திரியும் வெகுளிப் பிரபு பெர்சியாக டிம் மெக்கின்னர்னி நடித்தார். ஒரே வகைப் பாத்திரத்தில் முடங்கிவிடக் கூடாது என்று மூன்றாம் பருவத்தில் தொடர்ந்து நடிக்க மறுத்து, ஓர் அத்தியாயத்தில் மட்டும் தோன்றினார். நான்காம் பருவத்தில் படைத்தலைவரின் அலுவலகத்தில் பாதுகாப்பாக இருக்கும் கேப்டன் டார்லிங்காகத் திரும்பினார். மேலதிகாரி ஒருவர் முறைப்பாகத் தம் உதவியாளரை "டார்லிங்" என்று அழைக்க நேர்வதே ஓயாத நகைச்சுவை ஆயிற்று.

மெல்ச்செட்: இரண்டாம் பருவத்தில் அரசியின் ஆலோசகர், நான்காம் பருவத்தில் போர்முனைக்குத் தொலைவில் மாளிகையில் அமர்ந்து பிறரைச் சாவுக்கு அனுப்பும் படைத்தலைவர். இரண்டிலும் நடித்தவர் ஸ்டீபன் பிரை.

ஜார்ஜ்: மூன்றாம் பருவத்தின் இளவரசராகவும், நான்காம் பருவத்தின் லெப்டினன்ட் ஜார்ஜாகவும் ஹியூ லாரி நடித்தார். இருவரும் செல்வக் குடியில் பிறந்த அசடர்கள். ஆனால் முன்னவரின் அசட்டுத்தனம் சிரிப்பை மட்டும் தருகிறது. கல்லூரித் தோழர்களோடு உற்சாகமாகப் படையில் சேர்ந்து, அவர்களில் தாம் மட்டுமே எஞ்சியிருப்பதை உணரும் லெப்டினன்டின் அசட்டுத்தனம் இரக்கத்தையும் தருகிறது.

எலிசபெத் அரசி: மிராண்டா ரிச்சர்ட்சன் நடித்தார். கொஞ்சலும் கொடூரமும் கலந்த இப்பாத்திரம், வரையறையற்ற அதிகாரம் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சிரிப்பின் ஊடே காட்டுகிறது.

பிளாஷ்ஹார்ட்: இரண்டாம், நான்காம் பருவங்களில் ஒவ்வோர் அத்தியாயத்தில் மட்டும் புயல்போல் வந்துபோகும் ஆரவார வீரர். நடித்தவர் ரிக் மேயல்.

வரலாறும் கற்பனையும்

இத்தொடரைக் காணும் மாணவர்கள், எது வரலாறு, எது கற்பனை என்பதைப் பிரித்தறிய வேண்டும். எடுத்துக்காட்டாக, மூன்றாம் பருவத்தில் சாமுவேல் ஜான்சன் எழுதி முடித்த அகராதியின் கையெழுத்துப் படியைப் பால்ட்ரிக் அடுப்பில் போட்டுவிட்டதாகப் பிளாக்காடர் நம்பி அலைகிறார். உண்மையில் அகராதி வெளிவந்தது 1755 இல். ஜான்சன் இறந்தது 1784 இல். இளவரசர் ஆட்சிப் பொறுப்பேற்றது அதற்கும் 27 ஆண்டுகள் கழித்தே. அதே கதையில் ஜான்சனுடன் காணப்படும் கவிஞர் பைரன் பிறந்தது 1788 இல்.

நிகழ்வுகள் பொய்யாக இருந்தாலும் காலத்தின் இயல்பு சில இடங்களில் சரியாகப் பிடிபடுகிறது. மக்கள் ஏறக்குறைய இல்லாமற்போன பின்னும் நாடாளுமன்ற உறுப்பினரை அனுப்பும் உரிமையை இழக்காத "அழுகிய தொகுதிகள்" இங்கிலாந்தில் உண்மையிலேயே இருந்தன. ஓல்ட் சேரம் அவற்றுள் பெயர்பெற்றது. இம்முறை 1832 ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொடரில் அத்தகைய தொகுதி ஒன்றில் இருப்பதே ஒரு வாக்காளர். பால்ட்ரிக்கோ 16,472 வாக்குகள் பெற்று வெல்கிறார்! அந்த ஒரே வாக்காளரும், தேர்தல் அதிகாரியும் பிளாக்காடரே.

இறுதி அத்தியாயம்

1989 நவம்பர் 2 அன்று ஒளிபரப்பான கடைசி அத்தியாயத்தில் பெருந்தாக்குதலுக்கான ஆணை வருகிறது. பிளாக்காடர் பைத்தியம்போல் நடித்துத் தப்ப முயல்கிறார். முன்பு தம்மால் உயிர் பிழைத்த தளபதி ஹெய்கைத் தொலைபேசியில் அழைத்து உதவி கேட்கிறார். அவர் சொல்லும் யோசனை, ஏற்கெனவே செய்து தோற்ற அதே பைத்திய வேடம். பாதுகாப்பாக இருந்த டார்லிங்கையும், அவர் கெஞ்சுவதைப் புரிந்துகொள்ளாத மெல்ச்செட் முன்னணிக்கு அனுப்பிவிடுகிறார். இவ்விடத்தில் அனைவரும் அச்சத்தை ஒப்புக்கொள்கின்றனர். பால்ட்ரிக் கடைசியாக ஒரு திட்டம் இருப்பதாகச் சொல்கிறார். அதைக் கேட்க நேரமில்லை. நால்வரும் குழியிலிருந்து ஏறி ஓடுகின்றனர்.

ஓட்டக் காட்சி முதலில் எடுக்கப்பட்டபோது குழுவினருக்கு நிறைவளிக்கவில்லை. படத்தொகுப்பின்போது அதன் வேகத்தைக் குறைத்து, போர்க்களம் மெல்ல மறைந்து செந்நிறப் பாப்பி மலர்கள் பூத்த வெளி தோன்றுமாறு அமைத்தனர். முதலாம் உலகப் போரில் இறந்தோரின் நினைவுச் சின்னமாகப் பிரித்தானியர் அணிவது இம்மலரே. முந்தைய பருவங்களும் சாவுகளோடுதான் முடிந்தன, ஆனால் அவை வேடிக்கையாகவே இருந்தன. இங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது. நான்கு நூற்றாண்டுகளாகக் கூர்மையடைந்து வந்த அறிவால் ஒரே ஓர் ஆணையிலிருந்து தப்ப முடியவில்லை.

வரவேற்பும் விவாதமும்

நான்காம் பருவம் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. 2004 இல் பிபிசி நடத்திய சிறந்த பிரித்தானிய நகைச்சுவைத் தொடருக்கான வாக்கெடுப்பில் பிளாக்காடர் இரண்டாம் இடம் பெற்றது.

போர் தொடங்கி நூறாண்டு நிறைந்த 2014 இல், அன்றைய கல்வித்துறை அமைச்சர் மைக்கேல் கோவ், இத்தகைய படைப்புகள் அப்போரை மேட்டுக்குடியினரின் தவறுகளால் நேர்ந்த குளறுபடியாகவே காட்டுகின்றன என்று குறைகூறினார். பள்ளிகளில் இத்தொடரைப் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்காக டோனி ராபின்சன் பதிலளித்தார். படைத்தலைவர்கள் அனைவரும் மெல்ச்செட்டைப் போன்றவர்கள் அல்லர் என்பதற்கு வரலாற்றாய்வாளர்கள் சான்று காட்டுகின்றனர். பிரித்தானியப் படைத்தலைவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் அப்போரில் இறந்தனர். பதுங்குகுழிப் போர்முறையும் ஆண்டுக்கு ஆண்டு மாறி, 1918 இல் வெற்றி கிடைத்தது. மறுபுறம், சில மைல் நிலத்துக்காகப் பல்லாயிரவர் மடிந்ததும் மறுக்க முடியாத உண்மை. படைத்தலைமையின் திறனை அளவிட இத்தொடர் போதாது. ஆணைக்குக் கீழ்ப்பட்டு நின்ற ஒருவரின் நிலையை உணர்த்துவதில் அது இன்றும் வகுப்பறைகளில் பயன்படுகிறது.