கொலுப் பொம்மைக்கு ஆடை புனையும் அருங்கலை

புரட்டாசி அமாவாசை கழிந்த மறுநாள் தொடங்கி ஒன்பது இரவுகள் அன்னை பராசக்தி கொலுவீற்றிருந்து அருள்பாலிக்கும் நவராத்திரிப் பெருவிழாவில், ஆலயங்களிலும் இல்லங்களிலும் பொம்மைக் கொலு வைத்து வழிபடுவது தொன்றுதொட்டு வரும் மரபாகும். நாட்டை இழந்த சுரதன் என்னும் மன்னனும், குடும்பத்தாரால் கைவிடப்பட்ட சமாதி என்னும் வணிகனும் ஆற்றங்கரையில் மண்ணால் தேவியின் திருவுருவைச் செய்து, மூன்றாண்டுகள் வழிபட்டு அருள்பெற்றனர் எனத் தேவி மாகாத்மியம் உரைக்கின்றது. அவர்கள் அத்திருவுருவைக் கடையில் வாங்கவில்லை. தம் கைகளாலேயே செய்தார்கள் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இன்று பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரையை அடுத்த விளாச்சேரி முதலிய ஊர்களில் செய்யப்படும் அழகிய பொம்மைகள் கடல் கடந்து நம்மை வந்தடைகின்றன. அவற்றை வாங்கி அடுக்குவதில் குறையொன்றுமில்லை. எனினும், பொம்மைகளுக்குத் தம் கையாலேயே ஆடை அணிகலன்கள் செய்து, பழங்காலத்து மன்னர், அரசியர், அடியார், உழைப்பாளர் ஆகியோரின் உருவங்களைப் படிகளில் நிறுத்தும் பொழுதுபோக்கு நம் தாய்மார்களிடையே இருந்து வருகின்றது. பொழுதுபோக்கு என்று சொல்லப்பட்டாலும், அதனுள் பக்தியும் வரலாற்றறிவும் ஒருங்கே அடங்கியுள்ளன.

மரப்பாச்சியே முதல் பாடம்

கொலுவின் மேற்படியில் கலசத்திற்கு அருகே ஆணும் பெண்ணுமாக நிற்பவை மரப்பாச்சிப் பொம்மைகள். செம்மரத்தில் கடையப்பட்ட இந்த இணையைத் திருமணச் சீர்வரிசையில் பெண்ணுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம். செம்மர வணிகத்தை இந்திய அரசு கட்டுப்படுத்தியுள்ளதால், பிற மரங்களாலான மரப்பாச்சிகளும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. மண் பொம்மைக்கு ஆடையும் நகையும் வண்ணத்திலேயே தீட்டப்பட்டுவிடும். மரப்பாச்சியோ நாம் உடுத்தும் ஆடைக்காகக் காத்து நிற்கும். ஆண்டுதோறும் அதற்குப் புத்தாடை உடுத்துவதே பல சிறுமியர் கற்கும் முதல் தையற்கலை எனலாம்.

இக்கலையில் அளவே உயிர்நாடியாகும். ஐந்தடி உயரமுள்ள பெண்மணியைப் பத்து அங்குலப் பொம்மையாகக் காட்டினால், அது ஆறில் ஒரு பங்கு. எனவே, ஆறு கஜச் சேலை பொம்மைக்கு ஒரு கஜமாகவும், 48 அங்குல அகலம் 8 அங்குலமாகவும் குறைய வேண்டும். மடிசாருக்குரிய ஒன்பது கஜம் ஒன்றரைக் கஜமாகும். நான்கு அங்குலக் கரையை முக்கால் அங்குலத்திற்கும் குறைவாகவே வைக்க வேண்டும். பெரியவர்களின் பட்டுச் சேலையிலிருந்து வெட்டிய துண்டைச் சுற்றினால் பொம்மை மூட்டை போலத் தோன்றுவதற்குக் காரணம் யாதெனில், நீள அகலங்கள் குறைந்தாலும் துணியின் தடிமன் குறைவதில்லை. ஆகவேதான் பலமுறை துவைத்து மெலிந்த பழைய பருத்தித் துணியே இப்பணிக்கு உகந்தது. கொசுவத்தைக் குண்டூசியால் நிறுத்தி, நீர்த்த அரிசிக் கஞ்சியைத் தொட்டு உலரவிட்டால் மடிப்புக் கலையாது. பசை கொண்டு ஒட்டாமல் நூலால் கட்டி வைத்தால், அடுத்த ஆண்டு பொம்மைக்குச் சேதமின்றி ஆடையைக் களையலாம்.

வரலாற்றுக்குச் சான்று எங்கே?

மரப்பாச்சியில் கை பழகியவர்கள் அடுத்து நாடுவது அரசர், அரசியரின் உருவங்களை. இராஜராஜ சோழனுக்கு வெல்வெட்டுச் சட்டை தைத்து, தலையில் சரிகைத் தலைப்பாகை சுற்றிக் கொலுவில் வைப்பதைக் காண்கிறோம். நாடக மேடையும் திரைப்படமும் தந்த உருவம் அது. ஆனால், அம்மன்னன் எழுப்பி 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலிலேயே அக்காலத்து ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சின் அடியில் மறைந்திருந்த அவற்றை 1931இல் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி உலகுக்கு வெளிப்படுத்தினார். அவற்றில் ஆடவர் பெரும்பாலும் மேலாடையின்றி, இடையில் ஆடையும் மேனியில் அணிகலன்களும் பூண்டே காணப்படுகின்றனர். ஆகவே, சோழ மன்னனின் பொம்மைக்குத் தையலைவிட மணி கோக்கும் வேலையே மிகுதி.

1509 முதல் 1529 வரை ஆட்சி புரிந்த கிருஷ்ணதேவராயர், தம் தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகள் திருமலைத் திருக்கோயிலில் இன்றும் உள்ளன. பேரரசராயினும் இறைவன் சந்நிதியில் அவர் வெற்று மார்புடன், தலையில் உயர்ந்த கூம்புக் குல்லாயுடன் காட்சி தருகின்றார். மதுரைப் புதுமண்டபத் தூண்களில் திருமலை நாயக்கர் உள்ளிட்ட நாயக்க மன்னர்களின் சிலைகளைக் காணலாம். இவற்றின் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு ஆடை புனைவோர் வரலாற்றிலிருந்து வழுவ மாட்டார்கள்.

நிறத்திலும் கவனம் தேவை. 1856இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்பவர் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடிக்கும் வரை, அவுரியின் நீலமும், சாயவேரின் சிவப்பும், மஞ்சளும் போன்ற இயற்கைச் சாயங்களே வழங்கின. கண்ணைப் பறிக்கும் ஊதாவும் ரோசாவும் சோழ அரசிக்குப் பொருந்தா.

இத்தகைய உழைப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது புதுடில்லியிலுள்ள சங்கர் அனைத்துலகப் பொம்மை அருங்காட்சியகம். கேலிச்சித்திர மேதை சங்கர் பிள்ளை, ஹங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரு பொம்மையால் ஈர்க்கப்பட்டுச் சேகரிக்கத் தொடங்கி, 1965இல் இதனை நிறுவினார். அங்குள்ள பணிமனையில் இந்திய மாநிலங்களின் ஆடை அணிகளை ஆராய்ந்து செய்யப்பட்ட பொம்மைகள், 1980இல் போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் நடைபெற்ற பொம்மை விழாவில் முதற்பரிசு பெற்றன.

நம் படியில் நம் முன்னோர்

மன்னர்களுக்குக் கல்லும் ஓவியமும் சான்றாக நிற்கின்றன. நம் பாட்டன் பாட்டிமாருக்கு எது சான்று? சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1827இலும், கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் 1873இலும் தோற்றம் பெற்றன. நகரங்களில் மட்டுமல்லாது, தோட்டந்தோறும் லயங்களுக்கு அருகே அம்மனுக்குக் கோயில் எழுப்பியவர்கள் கித்தா மரம் சீவிய உழைப்பாளிகள். மன்னர்கள் வீற்றிருக்கும் கொலுவில் அவர்களுக்கும் ஒரு படி வேண்டாமா?

பால்மரம் சீவும் பெண்ணின் பொம்மையைச் செய்ய முனைந்தால் பல கேள்விகள் எழும். விடியுமுன் பெரட்டுக்குச் சென்றபோது தலையில் துணியை எவ்வாறு கட்டினார்கள்? சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை ஏன் அணிந்தார்கள்? கைலி எப்போது வழக்கத்திற்கு வந்தது? காண்டாக் கம்பில் வாளிகள் எப்படித் தொங்கின? மங்கும் உளியும் ஒட்டுப்பால் பையும் எங்கே இருந்தன? எஞ்சியுள்ள பழைய புகைப்படங்கள் சிலவற்றுக்கு விடை தரும். மற்றவற்றுக்கு விடை, வீட்டில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மூதாட்டியாரிடமே உள்ளது.

கணுக்கால் வரை சேலை தொங்கும் பொம்மையைப் பேத்தி கொண்டுவந்து காட்டினால், “அப்படி இல்லம்மா, இப்படித் தொங்கவிட்டா காட்டுல நடக்க முடியுமா? தூக்கிச் செருகணும். சட்டைக் கையை இறக்கி விடு, கொசு பிடுங்கிடும்” என்று பாட்டி திருத்துவார். பொம்மையைக் கையில் வாங்கியதும், அதுவரை எவரும் கேளாத கதைகளும் வெளிவரும். கொலு முடிவதற்குள் அக்குடும்பத்தின் வரலாறு ஒன்று அடுத்த தலைமுறைக்குச் சேர்ந்துவிடும்.

இதற்குக் காலம் அதிகமில்லை. இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். உளி பிடித்த கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. தஞ்சை ஓவியம் இன்னொரு பூச்சின் அடியில் பல நூற்றாண்டுகள் காத்திருந்து வெளிப்பட்டது. பாட்டியின் நினைவு அவ்வாறு காத்திருக்காது.

ஆதலின், இவ்வாண்டு நவராத்திரிக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரேயொரு பொம்மைக்கேனும் தம் கையால் ஆடை புனைதல் வேண்டும். வீட்டு மூத்தோரை அருகில் அமர்த்தி, அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் உடுத்தட்டும். பொம்மையின் அடியில் ஒரு சிறு தாளில், யாருடைய உருவம், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதை எழுதி ஒட்டலாம். ஆலயக் கொலுவிலும் இத்தகைய பொம்மைகளுக்கு ஒரு படியை ஒதுக்கினால் பிற குடும்பங்களும் கண்டு பயன்பெறும்.

விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவை நிறைவு செய்வது மரபு. பின்னர் ஆடைகளைக் களைந்து, நன்கு உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் பொம்மைகளைச் சுற்றிப் பெட்டியில் வைப்பர். அப்பெட்டி மீண்டும் திறக்கப்படும் நாளில், தலையில் துணி கட்டிய அந்தச் சின்னஞ்சிறு பெண்ணுருவம் பேரப்பிள்ளைகளைப் பார்த்து நிற்கும். அவளும் அன்னையின் கொலுவில் இடம்பெறத் தக்கவளே. அன்னை பராசக்தியின் அருள் அனைவர்க்கும் சித்திப்பதாக!