நாங்களா, நாமா?

தானா ராத்தா பகாங் மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து மலையிறங்கும் பழைய சாலை போய்ச் சேருவது பேராக் மாநிலத்தின் தாப்பாவில். சுமார் 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. ரயில் ஏற வேண்டுமா? தாப்பா ரோடு நிலையம். பெரிய கடைத்தெரு வேண்டுமா? ஈப்போ. இரண்டுமே பேராக். சொந்த மாநிலத் தலைநகரான குவாந்தானுக்குப் போக வேண்டுமானால் தீபகற்பத்தின் மறுகரை வரை பல மணி நேரப் பயணம்.

இப்போது சொல்லுங்கள். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த காற்பந்து ரசிகர் மலேசியக் கிண்ணத்தில் யாருக்குக் கைதட்டுவார்? முகவரியில் இருக்கும் பகாங்கிற்கா, பக்கத்தில் இருக்கும் பேராக்கிற்கா? 1921இல் மலாயா கிண்ணமாகத் தொடங்கிய இந்தப் போட்டியைப் பகாங் 1983, 1992, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் வென்றது. பேராக்கும் சளைத்ததல்ல, 1998, 2000, 2018 என்று அதற்கும் பட்டியல் உண்டு. இரண்டும் என் அணிதான் என்று யாராவது சொல்லிவிட்டால் நண்பர்கள் சும்மா விடுவார்களா? “சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு காலா?” என்று கேட்பார்கள். ஆனால் அப்படிக் கேட்கிறவர் உடம்பில் லிவர்பூல் சட்டை இருக்கும், வீட்டுச் சுவரில் அர்ஜென்டினாவின் மெஸ்ஸி இருப்பார். அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஏன்?

முதலில் ஒரு சோதனை. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹென்ரி தாஜ்ஃபெல் என்ற உளவியல் அறிஞர் பள்ளி மாணவர்களை அழைத்தார். வயது 14, 15. உங்கள் வயதுதான். திரையில் புள்ளிகளைக் காட்டி, எத்தனை இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னார். பிறகு, “நீ அதிகமாக ஊகித்தவர்கள் குழு, நீ குறைவாக ஊகித்தவர்கள் குழு” என்று பிரித்துவிட்டார். உண்மையில் அது குருட்டாம்போக்கில் செய்த பிரிவு. தன் குழுவில் இருப்பவர் யார் என்றுகூட மாணவர்களுக்குத் தெரியாது. அடுத்து, மற்ற மாணவர்களுக்குச் சிறு தொகையைப் பங்கிட்டுத் தரச் சொன்னார்கள். தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ள முடியாது. அப்படியிருந்தும் பெரும்பாலோர் தங்கள் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். இன்னும் வேடிக்கை, தன் குழுவுக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்ற போக்கும் தெரிந்தது.

சில புள்ளிகளுக்கே இப்படி என்றால், பிறந்த மாநிலம், அப்பாவுக்குப் பிடித்த அணி, அபாரமான ஓர் ஆட்டக்காரர் எல்லாம் எம்மாத்திரம்! அணி சேர்வது நம் மனத்துக்கு மிக எளிது. ஒன்றில் சேர்ந்துவிட்டால் இன்னொன்றில் சேர முடியாது என்ற விதியும் கிடையாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள ஒரு முக்கோணம் வரையுங்கள். ஒரு முனையில் நீங்கள். மற்ற இரண்டு முனைகளில் இரண்டு அணிகள். உங்களுக்குப் பிடித்த அணிக்குப் போகும் கோட்டில் கூட்டல் குறி இடுங்கள். இரண்டு அணிகளும் ஒன்றையொன்று எதிர்த்தால் அவற்றுக்கு இடையிலான கோட்டில் கழித்தல் குறி. இப்போது மூன்று குறிகளையும் பெருக்குங்கள். விடை கூட்டல் என்றால் மனம் அமைதியாக இருக்கும். கழித்தல் என்றால் உறுத்தும். இந்த எண்ணத்தை 1946இல் முன்வைத்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த ஃபிரிட்ஸ் ஹைடர். 1956இல் கார்ட்ரைட், ஹராரி இருவரும் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார்கள்.

நீங்கள், பகாங், லிவர்பூல் என்று எடுத்துக்கொண்டால் மூன்றாவது கோடே இல்லை. அவை மோதப்போவதில்லை, ஆகவே உறுத்தலும் இல்லை. நீங்கள், மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் என்றால் இரண்டு கூட்டல், ஒரு கழித்தல். அந்தக் கழித்தல் பல தலைமுறைப் பகை; அழியாது. அதனால்தான் இந்த இரண்டையும் சேர்த்து ஆதரிப்பவரைக் காண்பது அரிது. பகாங்கும் பேராக்கும் இவற்றுக்கு இடைப்பட்டவை. ஆண்டில் பெரும்பாலான நாள்கள் கோடு மங்கலாகக் கிடக்கும். இரண்டும் நேருக்கு நேர் ஆடும் அந்தத் தொண்ணூறு நிமிடம் மட்டும் கழித்தல் குறி பளிச்சென்று தெரியும்.

கழித்தல் குறி திடீரென்று முளைத்த ஓர் உண்மைக் கதை பகாங்கிலேயே நடந்தது. 1992இல் பகாங் லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் வென்றது. அந்த அணியின் நட்சத்திரங்களில் ஒருவர் சிங்கப்பூரின் ஃபாண்டி அகமட். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1994 டிசம்பரில், ஷா ஆலாம் அரங்கில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். ஒரு பக்கம் பகாங். மறுபக்கம் சிங்கப்பூர், அதன் தலைவர் அதே ஃபாண்டி. பகாங் 0-4 என்று தோற்றது. ஃபாண்டியையும் பகாங்கையும் சேர்த்து நேசித்த ரசிகரின் முக்கோணத்தை வரைந்து பாருங்கள். அவருக்கு இருந்த வழிகள் குறைவு: ஃபாண்டி மீதான பிரியத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், பகாங்கை ஒரு நாளைக்கு மறக்கலாம், அல்லது “ஃபாண்டி கோல் போடட்டும், பகாங் ஜெயிக்கட்டும்” என்று தனக்குள் ஒரு சமரசம் செய்துகொள்ளலாம். மூன்றாவதைத்தான் பலரும் செய்வோம் என்று நினைக்கிறேன்.

இந்த உறுத்தல் வெறும் கற்பனை அல்ல, ஆட்டம் உடலுக்குள்ளும் நடக்கிறது. அதே 1994இல் உலகக் கிண்ண இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பிரேசில், இத்தாலி ரசிகர்களின் உமிழ்நீரை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வென்ற பிரேசிலின் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற இயக்குநீர் ஏறியிருந்தது; இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. நாற்காலியை விட்டு எழாதவர்களுக்கே இப்படி! சிறிய ஆய்வுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, கழித்தல் குறி கூட்டலாக மாறுமா? மாறும் என்று காட்டியது 2005இல் வெளியான ஓர் ஆய்வு. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவினும் அவருடைய குழுவினரும் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களான மாணவர்களை அழைத்து, தங்கள் அணியைப் பற்றி எழுத வைத்தார்கள். பிறகு அடுத்த கட்டடத்துக்கு நடந்து போகச் சொன்னார்கள். வழியில் ஒருவர் ஓடிவந்து வழுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். அவர் ஆய்வாளர்களின் ஆள். யுனைடெட் சட்டையில் விழுந்தபோது 13 பேரில் 12 பேர் உதவினார்கள். லிவர்பூல் சட்டையில் விழுந்தபோது 10 பேரில் 3 பேர். சாதாரணச் சட்டைக்கு 12 பேரில் 4 பேர்.

அடுத்த முறை ஒரே ஒரு மாற்றம். உங்கள் அணியைப் பற்றி அல்ல, காற்பந்து ரசிகராக இருப்பதன் மகிழ்ச்சியைப் பற்றிப் பேச வைத்தார்கள். இப்போது யுனைடெட் சட்டைக்கு 10 பேரில் 8 பேர் நின்றார்கள். லிவர்பூல் சட்டைக்கும் 10 பேரில் 7 பேர் நின்றார்கள்! சாதாரணச் சட்டைக்கு மட்டும் 9 பேரில் 2 பேர்தான். வட்டம் விரிந்தது. ஆனால் வட்டத்துக்கு வெளியே நின்றவர் வெளியேதான் நின்றார்.

இதே வட்டத்தை நம் தாத்தாக்கள் ஆர். ஆறுமுகத்திடம் பார்த்திருப்பார்கள். ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட அவர் சிலாங்கூரின் கோல்காவலர். மாநில ஆட்டத்தில் அவர் எதிரணி ஆள். நாட்டுக்காக நின்றால் நம் ஆள். அவர் மாறவில்லை. சூழ்நிலை மனத்தின் எந்த அடுக்கைத் தட்டி எழுப்புகிறதோ, அது பேசுகிறது. மாநிலம் ஓர் அடுக்கு, நாடு இன்னோர் அடுக்கு, ஐரோப்பியக் கழகம் பக்கத்தில் தனியாக ஓர் அறை.

ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் ஒரே சொல்தான். தமிழில் இரண்டு. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. மலாய்மொழியிலும் அப்படியே: கித்தா, காமி. (தோட்டத்தில் பால் வெட்டும் கித்தா அல்ல!) பகாங் ரசிகர் பேராக் ரசிகரிடம் “நாங்க ஜெயிச்சிட்டோம்” என்பார். மறுவாரம் மலேசியா வென்றால் அதே ஆளிடம் “நாம ஜெயிச்சிட்டோம்” என்பார். நட்பின் எல்லைக்கோடு ஒரு வாரத்தில் நகர்ந்ததை ஒரே ஒரு சொல் காட்டிவிடுகிறது.

ஹாக்கியில் மலேசியாவும் இந்தியாவும் மோதும்போது நம் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி வந்து விழும்: “நீ யார் பக்கம்?” 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதியில் இந்தியா 3-2 என்று மலேசியாவை வென்றது. அன்று மலேசியாவுக்காக ஆடியவர்களிலும் தமிழர்கள் இருந்தார்கள். இந்திய ஆட்டத்தை ரசிப்பவர் மலேசியாவை அந்த அளவுக்குக் குறைவாக நேசிக்கிறார் என்ற கணக்கில்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது. அன்பு என்ன, குடத்துத் தண்ணீரா, ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் குறைய? முக்கோணத்தின் ஒரு கோடு அன்றைக்குக் கழித்தல், அவ்வளவுதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1976இல் வெளியான ஓர் ஆய்வில் ராபர்ட் சியால்டினி குழுவினர் ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், வார இறுதி ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மாணவர்களின் உடையைக் கவனித்தார்கள். (அது அமெரிக்கக் காற்பந்து, கையாலும் ஆடுவது.) அணி வென்ற வாரத்தில் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த சட்டைகள் கூடின. தொலைபேசியில் கேட்டபோது வெற்றியைச் சொல்ல ‘நாங்கள்’ அதிகம் வந்தது, தோல்வியைச் சொல்லும்போது அது குறைந்தது. நம்மிடம் இருப்பது அதைவிடக் கூர்மையான கருவி. வரும் திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஏட்டில் மூன்று பத்திகள்: நாம, நாங்க, அவங்க. யார் பெயரும் வேண்டாம். மேலே ஆட்ட முடிவை மட்டும் குறியுங்கள். நான்கு வாரம் போதும்.