அல்பேனியா: 'எவரும் அறியாத' கரையோரத்தின் விலை

ஐரோப்பியப் பத்திரிகைகளின் கோடை விடுமுறைப் பக்கங்களில் நாடுகளின் பெயர்கள் மாறினாலும் வாசகங்கள் மாறுவதில்லை. 'அடுத்த குரோஷியா', 'ஐரோப்பாவின் மாலத்தீவு', 'கூட்டம் வருமுன் போய்ப் பாருங்கள்' என்ற வாசகங்களோடு அண்மைய ஆண்டுகளில் அதிகம் பேசப்படும் நாடு அல்பேனியா.

இந்தப் புகழ்ச்சி திடீரென எழுந்ததல்ல. லோன்லி பிளானட் வழிகாட்டி நிறுவனம் 2011ஆம் ஆண்டில் செல்லவேண்டிய நாடுகளின் பட்டியலில் அல்பேனியாவுக்கே முதலிடம் அளித்திருந்தது. அதே பட்டியலில் சிரியாவும் இருந்தது. அவ்வாண்டு மார்ச்சிலேயே அங்கு கிளர்ச்சி வெடித்தது. 2019ஆம் ஆண்டுக்கான பட்டியலில் முதலிடம் பெற்ற இலங்கையில் அவ்வாண்டு ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. பட்டியல் தயாரிப்போர் சோதிடர்கள் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் ஒரு நாட்டின் கடலையும் உணவையும் கவனிக்கும் அளவுக்கு அதன் அரசியலை அவர்கள் கவனிப்பதில்லை.

அல்பேனியக் கரை 'எவரும் அறியாததாக' இருந்ததற்குக் காரணமும் அரசியல்தான். 1985இல் இறக்கும்வரை ஆண்ட என்வர் ஹொஜா நாட்டை வெளியுலகிடமிருந்து அடைத்து வைத்திருந்தார். தனியார் கார் வைத்திருக்க அனுமதியில்லை. 1967இல் மத வழிபாடே தடைசெய்யப்பட்டது. அந்நியப் படையெடுப்பை எதிர்பார்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் பதுங்கு அரண்கள் கட்டப்பட்டன. ஆட்சி சரிந்த 1991இல், 'வ்லோரா' என்ற சரக்குக் கப்பலில் ஏறக்குறைய 20 ஆயிரம் பேர் நெருக்கியடித்து ஏறி இத்தாலியின் பாரி துறைமுகத்தை அடைந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் ஒரு விளையாட்டரங்கில் அடைக்கப்பட்டுப் பின்னர் திருப்பி அனுப்பப்பட்டனர். விடுமுறைப் பக்கங்களில் இன்று வர்ணிக்கப்படுவது, அன்று மக்கள் தப்பியோடிய அதே கரைதான்.

ஓர் இடம் 'கண்டுபிடிக்கப்படுவது' பெரும்பாலும் செய்தியாளரின் தேடலால் அல்ல. மலிவுக் கட்டண விமான நிறுவனம் புதிய தடத்தைத் தொடங்குகிறது. சுற்றுலாத் துறை எழுத்தாளர்களைத் தன் செலவில் அழைத்துச் செல்கிறது. விளம்பர வருவாயை நம்பியிருக்கும் பக்கங்களில் கட்டுரைகள் வெளியாகின்றன. விஸ் ஏர் நிறுவனம் 2020இல் திரானாவைத் தன் தளங்களில் ஒன்றாக்கியது. 2023இல் ரயன் ஏர் வந்தது. அவ்வாண்டு அல்பேனியாவுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டியது. 2023 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 24 லட்சம்தான். வந்தோரில் கணிசமானோர் அயலிலுள்ள கொசோவோ மக்கள் என்பதைக் கட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இளைஞர்கள் தொடர்ந்து வெளியேறும் ஒரு நாட்டில் இந்த வருகையால் வேலைகள் உருவாகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், 'அடுத்த குரோஷியா' என்பது எத்தகைய வாக்குறுதி என்பதை அந்த நாட்டின் டுப்ரோவ்னிக் நகரில் காணலாம். அதன் மதிலுக்குள் அமைந்த பழைய நகரில் 1991இல் சுமார் 5 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். இப்போது 2 ஆயிரம் பேர்கூட இல்லை. வீடுகள் பயணிகளுக்கான வாடகை அறைகளாகிவிட்டன. நாளொன்றுக்கு இரண்டு உல்லாசக் கப்பல்கள் மட்டுமே என்று நகர நிர்வாகம் 2019இல் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது.

அல்பேனியாவில் சிக்கல் இன்னும் ஆழமானது. கம்யூனிச ஆட்சியில் அரசுடைமையான நிலங்களில் பலவற்றுக்கு உரிமையாளர் யார் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. கடற்கரைக் கிராமமான க்சமிலில் கோடையில் மணற்பரப்பின் பெரும்பகுதியை வாடகைக் குடைகளும் சாய்வு நாற்காலிகளுமே நிறைத்துவிடுகின்றன. பயணக் கட்டுரையை வாசிப்பவர் மலிவான விடுமுறையைக் காண்கிறார்; முதலீட்டாளரோ இன்னும் விலை ஏறாத நிலத்தைக் காண்கிறார்.

2023 மார்ச்சில் வியோசா நதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்து அரசு பாராட்டுப் பெற்றது. மறு ஆண்டு பெப்ரவரியில், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஐந்து நட்சத்திர விடுதிகளுக்கு இடமளிக்கும் வகையில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அடுத்த மாதமே, அமெரிக்க முன்னாள் அதிபராக அப்போது இருந்த டொனால்ட் டிரம்ப்பின் மருமகன் ஜாரெட் குஷ்னர், முன்னாள் இராணுவத் தளமான சசான் தீவிலும், பூநாரைகள் வந்து தங்கும் நார்த்தா கடற்கழியை ஒட்டிய ஸ்வெர்னெட்ஸ் கரையிலும் உல்லாச விடுதிகள் அமைக்கும் திட்டத்தை வெளியிட்டார். சுற்றுச்சூழல் அமைப்புகள் இதனை எதிர்க்கின்றன. இக்கடற்கழிக்கு அருகில் வ்லோரா விமான நிலையத்தின் கட்டுமானம் 2021இலேயே தொடங்கிவிட்டது.