துறைமுகப் பளுதூக்கியும் சீரிசை அலைகளும்

பினாங்குத் தீவிலிருந்து ஃபெரியில் பட்டர்வொர்த் செல்பவர்கள் வடபட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தின் உயரமான பளுதூக்கிகளைப் பார்த்திருப்பார்கள். 1786இல் தொடங்கிய இத்துறைமுக வரலாற்றில் நெடுங்காலம் சரக்குகளை ஏற்றியதும் இறக்கியதும் மனிதத் தோள்கள்தாம். அவற்றுள் பல நம் தமிழ்த் தோள்கள். 1956இல் பினாங்குத் துறைமுக ஆணையம் அமைந்தது. 1994இல் துறைமுக நடவடிக்கைகள் தனியார்மயமாயின. அதற்குள் கொள்கலன் யுகமும் வந்துவிட்டது. இன்று 30 டன் வரை எடையுள்ள கொள்கலனை ஒருவர் மேலே ஒரு சிறு அறையில் அமர்ந்தபடி தூக்கிவிடுகிறார். தோள் செய்த வேலையை இப்போது மின்மோட்டார் செய்கிறது.

அந்த மோட்டார் மின்வலையிலிருந்து எப்படி மின்சாரம் எடுக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். நான் மின்பொறியியல் படித்தவன். மின்சாரத்தின் தரத்தை அளந்து பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். இத்தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்று. இத்தகைய சுமைகளை 50 ஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவெண்ணில் வைத்துக் கணக்கிட்டால் கணக்கு சரியாகவே வரும். ஆனால் அதை நம்பி எடுக்கும் முடிவு மின்தேக்கியை வெடிக்கவைக்கலாம். அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

நேரியல் சுமையும் நேரியல்பற்ற சுமையும்

வீட்டில் உள்ள ரைஸ் குக்கரை எடுத்துக்கொள்வோம். அதனுள் இருப்பது வெப்பச் சுருள். மின்னழுத்தம் ஏறினால் மின்னோட்டம் அதே விகிதத்தில் ஏறும், இறங்கினால் இறங்கும். மின்னழுத்தம் சைன் அலையாக வந்தால் மின்னோட்டமும் சைன் அலையாகவே இருக்கும். இதுவே நேரியல் சுமை.

கணினி அப்படிப்பட்டதன்று. அதன் மின்வழங்கியில் ஓர் அலைதிருத்தியும் ஒரு மின்தேக்கியும் உள்ளன. மின்னழுத்தம் உச்சியை நெருங்கும் சிறு நேரத்தில் மட்டும் அது மின்சாரத்தை அவசரமாக இழுத்துக்கொள்கிறது. மற்ற நேரத்தில் சும்மா இருக்கிறது. நீரைச் சீராகக் குடிப்பதற்கும் ஒரே மடக்கில் விழுங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. இதனை நேரியல்பற்ற சுமை என்கிறோம். எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் குளிர்சாதனம், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஆகியவையும் இதே குடும்பம்தான்.

இதனால் அடுத்தவருக்கு என்ன நட்டம்? மின்கம்பிக்கும் மின்மாற்றிக்கும் மின்மறுப்பு உண்டு. வடிவம் கெட்ட மின்னோட்டம் அவற்றின் வழியே பாயும்போது, அங்கே ஏற்படும் மின்னழுத்த இழப்பும் வடிவம் கெட்டதாகவே இருக்கும். ஆகவே அதே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெறும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கெட்ட அலையே போய்ச் சேரும். மின்வலை ஒரு பொதுக் கிணறு. ஒருவர் கலக்கினால் எல்லாருக்கும் கலங்கல் நீர்தான்.

ஒரு தந்தி, பல சுரங்கள்

வடிவம் கெட்ட அலையைக் கணக்கில் கொண்டுவருவது எப்படி? பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பம் பற்றிய நூல் அதற்கு வழிகாட்டியது. திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும் எந்த அலையையும் பல சைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம். தம்புராவின் ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிப்பதைப் போன்றது இது. நம் மின்வலையின் அடிப்படை 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 150, 250, 350 ஹெர்ட்ஸ் அலைகளை முறையே 3ஆம், 5ஆம், 7ஆம் சீரிசை என்கிறோம். ஹார்மோனிக்ஸ் என்று விரிவுரை அறையில் கேட்பது இதைத்தான்.

தம்புராவில் இந்த மடங்குகள் இனிமை தருகின்றன. மின்வலையில் அவை வெப்பத்தையே தருகின்றன. 5ஆம் சீரிசை மோட்டாரை எதிர்த்திசையில் சுழற்றப் பார்க்கும். மூன்று கட்டங்களிலும் உள்ள 3ஆம் சீரிசைகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளாமல் நியூட்ரல் கம்பியில் ஒன்றாகக் கூடிவிடும்.

இது கணினி யுகத்தில் பிறந்த சிக்கலும் அன்று. 1893இலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானபோது, பொறியாளர்கள் அலையைச் சீரிசைகளாகப் பிரித்துப் பார்த்து, மின்தொடரில் ஏற்பட்ட ஒத்ததிர்வே காரணம் என்று கண்டறிந்தார்கள்.

பளுதூக்கி மின்சாரம் எடுக்கும் விதம்

துறைமுகப் பளுதூக்கியின் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கொள்கலனை மெதுவாகக் கிளப்பி, விரைவாக உயர்த்தி, மறுபடியும் மெதுவாக இறக்கவேண்டும். அதற்காக மின்வலையின் மாறுதிசை மின்னோட்டத்தை முதலில் நேர்திசைக்கு மாற்றுகிறார்கள். பழைய முறையில் ஆறு தைரிஸ்டர்கள் கொண்ட அலைதிருத்தி நேர்திசை மோட்டாரை இயக்கும். பின்னர் வந்த முறையில் அலைதிருத்திக்குப் பின் ஓர் இன்வெர்ட்டர் அமைந்து மாறுதிசை மோட்டாரை இயக்குகிறது.

ஆறு துடிப்பு அலைதிருத்தி எந்தச் சீரிசைகளை உண்டாக்கும் என்பதற்கு எளிய விதி உண்டு. ஆறின் மடங்கோடு ஒன்றைக் கூட்டுங்கள், ஒன்றைக் கழியுங்கள். 5, 7, 11, 13 என்று போகும். இலட்சிய நிலையில் ஒவ்வொன்றின் அளவும் அதன் எண்ணுக்குத் தலைகீழ் விகிதம்:

5ஆம் சீரிசை: அடிப்படையில் 20%
7ஆம் சீரிசை: 14.3%
11ஆம் சீரிசை: 9.1%
13ஆம் சீரிசை: 7.7%

தைரிஸ்டர் முறைக்கு இன்னொரு குணமும் உண்டு. மோட்டார் மெதுவாக ஓடும்போது திறன் காரணி மிகவும் தாழ்ந்துவிடும். திறன் காரணி 0.85க்குக் கீழே இறங்கினால் தெனாகா நேஷனல் கூடுதல் கட்டணம் விதித்து வந்திருப்பதைத் தொழிற்சாலைக்காரர்கள் நன்கு அறிவர். பாடப்புத்தகம் சொல்லும் மருந்து மின்தேக்கித் தொகுதி. கதையின் திருப்பம் இங்கேதான்.

மாதிரி அமைக்கும் முறை

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்த முனையத்தின் அளவீடும் அல்ல.

11 கிலோவோல்ட்டை 400 வோல்ட்டாக மாற்றும் 1,500 கேவிஏ மின்மாற்றி ஒன்று. அதன் மின்மறுப்பு 6%. அதில் 600 கேவிஏ அளவுக்கு ஆறு துடிப்பு அலைதிருத்திகள் இணைந்துள்ளன. மாதிரியின் அடிப்படைக் கருத்து இதுதான்: 50 ஹெர்ட்ஸில் மின்நிலையம் கொடுக்கிறது, சுமை வாங்குகிறது. மற்ற அலைவெண்களிலோ சுமைதான் கொடுக்கிறது, மின்வலை வாங்குகிறது. ஆகவே ஒவ்வொரு சீரிசைக்கும் தனித்தனிச் சுற்று வரைகிறோம். அதில் அலைதிருத்தி ஒரு மின்னோட்ட மூலம். மின்மாற்றி ஒரு மின்தூண்டி. அலைவெண் 5 மடங்கானால் மின்தூண்டியின் மறுப்பும் 5 மடங்காகும்.

இப்போது ஓர் அழகைக் கவனியுங்கள். 5ஆம் சீரிசையில் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு; மறுப்பு ஐந்து மடங்கு. இரண்டும் அடிபட்டுப் போகின்றன. 7ஆம் சீரிசையிலும் அப்படியே. எனவே ஒவ்வொரு சீரிசையும் உண்டாக்கும் மின்னழுத்தம் ஒரே அளவுதான்: 6%இல் 600க்கு 1,500 என்ற பங்கு, அதாவது 2.4%. முதல் நான்கு சீரிசைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 4.8%. விநியோகிப்பாளரும் பயனீட்டாளரும் சந்திக்கும் இடத்தில் ஐ.இ.இ.இ. 519 தரக்குறிப்பு அனுமதிக்கும் மொத்தத் திரிபு, 1 கிலோவோல்ட்டுக்கு உட்பட்ட மட்டத்தில் 8%. 11 கிலோவோல்ட் மட்டத்தில் 5%. நம் 400 வோல்ட் பலகையை 8% என்ற எல்லையோடு ஒப்பிட்டால் கவலையில்லை என்றே தோன்றும்.

மருந்தே நஞ்சாகும் இடம்

இனி மின்தேக்கியைச் சேர்ப்போம். அலைவெண் ஏற ஏற மின்தூண்டியின் மறுப்பு கூடும். மின்தேக்கியின் மறுப்பு குறையும். ஏதோ ஓர் அலைவெண்ணில் இரண்டும் சமமாகும். அதுதான் ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் தாளத்திற்கு ஏற்பத் தள்ளினால் சிறு தள்ளலே அதை உயரே கொண்டுபோகிறதல்லவா? அதே விளைவு இங்கும் ஏற்படும்.

ஒத்ததிர்வு எந்தச் சீரிசையில் விழும் என்பதைக் கைக்கணக்கிலேயே காணலாம். குறுக்குச்சுற்றுத் திறனை மின்தேக்கியின் திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கவேண்டும். நம் மின்மாற்றியின் குறுக்குச்சுற்றுத் திறன் 1,500ஐ 0.06ஆல் வகுத்தால் கிடைக்கும் 25,000 கேவிஏ. மேலுள்ள மின்வலையின் மறுப்பை எளிமைக்காக விட்டுவிட்டேன்.

மின்தேக்கி 200 கேவார்: 11.2
300 கேவார்: 9.1
400 கேவார்: 7.9
500 கேவார்: 7.07
1,000 கேவார்: 5.0

மின்தேக்கித் தொகுதியைத் தானியங்கிக் கருவி படிப்படியாக இணைக்கும். 200இல் 11ஆம் சீரிசைக்கு அருகே வருகிறது. 300இலும் 400இலும் அலைதிருத்தி உண்டாக்கும் சீரிசைகளிலிருந்து ஓரளவு விலகி நிற்கிறது. 500இல் 7ஆம் சீரிசை மேலேயே விழுகிறது. அங்கே பெருக்கம் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் 2.4% என்பது 24% ஆகிறது. மின்தேக்கியின் மறுப்பு 7ஆம் சீரிசையில் ஏழில் ஒரு பங்காகிவிடுவதால், அந்தச் சீரிசையில் மட்டும் அதனூடே பாயும் மின்னோட்டம் வழக்கமான அளவில் 1.68 மடங்கு. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தோடு சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 1.95 மடங்கு. மின்தேக்கிகளுக்கான ஐ.இ.சி. தரக்குறிப்பு தொடர்ந்து தாங்கச் சொல்வது 1.3 மடங்குதான். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பது இதற்கே சொன்னது போலிருக்கிறது.

பிறை வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் இதை நான் நேரில் அளந்திருக்கிறேன். அங்கே மின்தேக்கிகள் உப்பிப் போவதும் ஃபியூஸ் போவதும் பெரும்பாலும் இரவு நேரத்தில். பகலைவிடச் சுமை குறைந்திருக்கும் வேளையில் ஏன் கெடவேண்டும் என்று பராமரிப்புப் பிரிவினர் குழம்பினார்கள். மூன்று முறை மின்தேக்கியை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். அளந்தபோது விடை தெரிந்தது. பகலில் ஓடிய பெரிய வெப்பச் சுமைகள் ஒத்ததிர்வைத் தணித்துக்கொண்டிருந்தன. இரவில் அவை நிற்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் மட்டும் ஓடும். மின்தேக்கியும் சரியாக 7ஆம் சீரிசைப் படியில் வந்து நிற்கும். மின்தேக்கியில் குறை ஏதும் இல்லை. குறை அது இருந்த சுற்றில்தான்.

இந்த மாதிரியின் எல்லை

அலைதிருத்தியை மாறாத மின்னோட்ட மூலமாக எடுத்துக்கொள்வது நல்ல தொடக்கமே தவிர முடிவன்று. மின்னழுத்தம் மிகவும் கெட்டுவிட்டால் அலைதிருத்தியின் மின்னோட்டமே மாறிவிடும். 24% என்ற நம் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. ஆபத்து எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டுவதே அதன் வேலை. அடுத்த படியாகச் சுற்றைக் கால ஓட்டத்தில், மில்லிவினாடியின் சிறு பகுதிகளாகக் கணினியில் ஓட்டிப் பார்க்கவேண்டும். டாமல் 1969இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த இ.எம்.டி.பி. மென்பொருள் இவ்வகைக்கு முன்னோடி. இன்று மாணவர்கள் சிமுலிங்கிலேயே இதைச் செய்யலாம்.

பளுதூக்கிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் சுமை வினாடிக்கு வினாடி மாறும். கொள்கலனை இறக்கும்போது மோட்டார் மின்னாக்கியாகவே மாறிவிடும். நான்கு பளுதூக்கிகள் ஓடினால் நான்கின் சீரிசைகளும் நேராகக் கூடுவதில்லை. தைரிஸ்டர் எரியும் கோணம் வேறுபடுவதால் ஒன்றையொன்று ஓரளவு நீக்கிக்கொள்ளும். எனவே ஒரே ஒரு நொடியை அளந்து தீர்ப்புச் சொல்லமுடியாது. ஐ.இ.இ.இ. 519இன் 2014, 2022 பதிப்புகள் பத்து நிமிட அளவீடுகளை ஒரு வாரத்துக்குத் தொகுத்து, அவற்றில் 95% எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பரிகாரங்கள்

மலிவான வழி, மின்தேக்கியோடு தொடராக ஒரு மின்தூண்டியைச் சேர்ப்பது. 7% மின்தூண்டி சேர்த்தால் அந்தக் கிளை 189 ஹெர்ட்ஸில், அதாவது 3.78ஆம் மடங்கில் இசைவாகும். 5ஆம் சீரிசையும் அதற்கு மேற்பட்டவையும் அதை மின்தூண்டியாகவே காணும். அங்கே ஒத்ததிர்வுக்கு இடமில்லை. இரண்டாம் வழி, 12 துடிப்பு அலைதிருத்தி. இரண்டு ஆறு துடிப்பு அலைதிருத்திகளை 30 பாகை இடைவெளியில் வைத்தால் 5ம் 7ம் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். 11ம் 13ம் மிஞ்சும். மூன்றாவது, டையோடுக்கும் தைரிஸ்டருக்கும் பதிலாக ஐ.ஜி.பி.டி. கொண்ட முகப்பு. இது ஏறத்தாழ சைன் வடிவிலேயே மின்னோட்டம் எடுக்கும். கொள்கலன் இறங்கும்போது பிறக்கும் மின்சாரத்தை மின்தடையில் எரிக்காமல் வலைக்கே திருப்பித் தரும். விலை கூடுதல், ஆனால் நாள் முழுதும் தூக்கி இறக்கும் துறைமுகத்திற்குப் பொருத்தமான முதலீடு.

மாணவ நண்பர்களுக்கு

இது துறைமுகத்தோடு நிற்கும் விஷயமன்று. நீங்கள் தங்கியிருக்கும் விடுதியில் கணினிகளும் எல்.இ.டி. விளக்குகளும் நிறைந்திருக்கின்றன. அவற்றின் 3ஆம் சீரிசைகள் கூடி, நியூட்ரல் கம்பியின் மின்னோட்டம் கட்டக் கம்பியினுடையதைப் போல் 1.73 மடங்கு வரை போகக்கூடும். நியூட்ரலில் மின்சாரம் மிகக் குறைவு என்று எண்ணி மெல்லிய கம்பி போட்ட பழைய கட்டடங்களில் அது தீ விபத்துக்கே வழிவகுக்கும்.

நம்மில் பலர் பாயான் லெப்பாஸ், பிறை, கூலிம் தொழிற்சாலைகளில் பணிபுரிகிறோம்; இன்னும் பலர் வரப்போகிறோம். ஒருநாள் உங்கள் மேசைக்கும் ஒரு தாள் வரும்: "திறன் காரணி குறைந்துவிட்டது, மின்தேக்கி போடவேண்டும்." கையொப்பமிடும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தப் பலகையில் எந்தச் சீரிசைகள் ஓடுகின்றன? மின்தேக்கியின் ஒவ்வொரு படியிலும் ஒத்ததிர்வு எங்கே விழுகிறது? முதல் கேள்விக்கு ஒரு வார அளவீடு வேண்டும். இரண்டாவதற்கு ஒரு வகுத்தலும் ஒரு வர்க்கமூலமும் போதும்.