பீரங்கிக் குழலில் எஞ்சும் கங்கு

குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய பீரங்கியைச் சொந்தமாக வைத்துச் சுடுவது அமெரிக்காவில் சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898 வரை செய்யப்பட்ட ஆயுதங்களைப் பழம்பொருளாகக் கொண்டு விலக்கு அளிக்கிறது. இவ்வகைப் பீரங்கிகளும் அவற்றின் புது நகல்களும் அதில் அடங்கும். வெடிக்கும் குண்டுக்கு விலக்கு இல்லை. அதனால் பொதுவாகச் சுடுவது திண்ணிய குண்டே.

இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோரில் பெரும்பாலோரின் நாட்டம் 1861–65 உள்நாட்டுப் போரின் பீரங்கிகள்மேல். 1950-இல் தொடங்கிய நார்த்-சவுத் ஸ்கர்மிஷ் அசோசியேஷன், வர்ஜீனியாவின் வின்செஸ்டர் அருகே தன் சொந்தத் திடலில் ஆண்டுக்கு இருமுறை தேசியப் போட்டி நடத்துகிறது. அங்கே பீரங்கிகளும் குறிபார்த்துச் சுடப்படுகின்றன.

எந்த உலோகம் என்பதே ஒரு பீரங்கியைப் பற்றிய முதல் கேள்வி. அக்காலத்து ‘நெப்போலியன்’ பீரங்கி வெண்கலத்தில் வார்த்தது. குழல் மட்டும் ஏறத்தாழ 550 கிலோ. மூன்று அங்குல ஆர்டினன்ஸ் பீரங்கி தேனிரும்பில் செய்தது. எடை 370 கிலோவை ஒட்டி. வெண்கலம் நெகிழும், அழுத்தம் மிஞ்சினால் பெரும்பாலும் முதலில் புடைத்துக் காட்டும். வார்ப்பிரும்பு எந்த அறிகுறியும் தராமல் சிதறிவிடும். வார்ப்பிரும்பாலான பேரட் பீரங்கியின் பின்புறத்தில் தேனிரும்புப் பட்டை இறுக்கியது இதற்காகத்தான். ஆனாலும் பட்டைக்கு முன்னால் குழல் உடைந்ததுண்டு. இன்றைய நகல்கள் பலவற்றின் உள்ளே எஃகுக் குழாய் பொருத்துவதும் இந்தப் பாடத்தின் விளைவே.

இவற்றில் இடும் கருமருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். மணி பெரிதானால் எரிவது மெதுவாகும். அழுத்தமும் படிப்படியாக ஏறும். அதனால் பீரங்கிக்குப் பருமணி மருந்து. புகையில்லா நவீன மருந்தை இவ்வகைப் பீரங்கியில் இட்டால் குழல் தாங்காது. கருமருந்து முழுவதும் வாயுவாக மாறுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகிறது. அதில் ஒரு பங்கு வெண்புகையாக வெளியேற, மீதி குழலின் சுவரில் அப்பிக்கொள்கிறது.

அந்தக் கசடுக்குள்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மருந்தைப் பொதிந்த பையின் துணுக்கொன்று கங்காகக் கனன்றுகொண்டிருந்தால், அடுத்த மருந்து உள்ளே போன கணமே தீப்பிடிக்கும். அப்போது குழலின் வாயெதிரே இருப்பது கெட்டிப்பவரின் கை. போர்க்காலப் படைகள் கங்கு பிடிக்காத கம்பளிப் பையைத் தேர்ந்தன. இன்றைய குழுக்கள் பல மருந்தை அலுமினியத் தாளில் சுற்றுகின்றன. சுட்டதும் திருகுக்கம்பியால் தாள் துணுக்குகளை வழித்தெடுப்பார்கள். பின் ஈரத் துடைப்பான், அடுத்து உலர்ந்தது. இவ்வளவு நேரமும் ஒருவர் தோலுறையிட்ட கட்டைவிரலால் பின்புறத் தீத்துளையை அழுத்தி மூடியிருப்பார். துளை திறந்திருந்தால் துடைப்பானின் ஓட்டத்தில் காற்று புகுந்து, ஊதாங்குழல் வைத்த அடுப்புபோல் கங்கு தழைக்கும். மூடியிருந்தால் மூச்சடைத்து அணையும். எளிய வேலைதான், ஆனால் குழுவில் இதைவிடப் பொறுப்பானது வேறில்லை. அதன் பிறகும் சில நிமிடங்கள் பொறுத்தே மறுமருந்து இடுவார்கள். கெட்டிப்பவர் குழல்வாயின் நேரெதிரே நில்லாமல் ஒருபக்கமாக ஒதுங்கியே கோலைத் தள்ளுவார்.

கசடில் பொட்டாசியம் உப்புகள் மிகுதி. அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருவேற்றும். நல்லவேளையாக அவை நீரில் கரைபவை. அன்று மாலையே சோப்புத் தண்ணீரால் குழலைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, எண்ணெய் பூசி மூடிவைக்கிறார்கள்.